கார்ன்வாலில் தொழிலறிவு பொதுவான வரலாறு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால் பகுதி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள சுரங்கங்கள் ஆழம் போகப் போக அவற்றுள் ஊறிய நிலத்தடி நீரும் பெருகியதால், கனிமத்தை வெட்டியெடுப்பதற்கு முன்பு நீரை இறைத்து வெளியேற்றியாக வேண்டியிருந்தது. இறைப்பதற்கு நீராவி எந்திரம் இருந்தது. ஆனால் எந்திரத்துக்கு வேண்டிய நிலக்கரி கார்ன்வால் மண்ணில் கிடைக்கவில்லை. அது தெற்கு வேல்ஸிலிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்திலிருந்து மலைப்பாதைகளில் சுமையாகச் சுரங்கத்தை அடைந்தது. நிலக்கரி வயல்களின் நடுவே எந்திரம் ஓட்டியவர்கள் கரியின் கணக்கைப் பெரிதாகப் பாராட்டவில்லை. கார்ன்வாலிலோ கரிக்கணக்குதான் ஒரு சுரங்கம் தொடர்வதா மூடப்படுவதா என்பதைத் தீர்மானித்தது. இந்த நெருக்கடி, ஒருவர் கண்டறிந்ததைப் பிறருக்குச் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டு இடைவெளிக்குள் இரண்டு நேரெதிரான விடைகளை அங்கே தோற்றுவித்தது.

முதல் விடை ஜேம்ஸ் வாட்டின் காலத்தைச் சேர்ந்தது. நீராவியை உருளைக்குள்ளேயே குளிர்விக்காமல் தனிக் கலத்துக்குக் கொண்டுசென்று நீராக்கினால் எரிபொருள் பெருமளவு மிஞ்சும் என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. அதற்கு 1769ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமையை, 1775ஆம் ஆண்டில் நாடாளுமன்றத் தனிச்சட்டம் ஒன்றின் வழியாக 1800 வரை நீட்டித்துக்கொண்டார். அவரும் கூட்டாளி மேத்யூ போல்டனும் 1777 முதல் கார்ன்வாலில் எந்திரங்களை நிறுவினர். வாட்டுக்கு முன்பு வழக்கில் இருந்த நியூகோமன் வகை எந்திரம் எரித்திருக்கக்கூடிய கரியோடு ஒப்பிட்டு, மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை உரிமைத்தொகையாகக் கேட்டனர். மிச்சத்தைக் கணக்கிட எந்திரம் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பது தெரிய வேண்டும். அதற்காக எந்திரத்தின் பெரிய துலாச் சட்டத்தில் ஓர் எண்ணு கருவியைப் பொருத்தி, அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினர். சாவி நிறுவனத்தின் ஆளிடம் இருந்தது. தங்கள் சுரங்கத்தில், தங்கள் கரியை எரித்து ஓடும் எந்திரத்தின் கணக்கு தங்களுக்கே பூட்டப்பட்டிருந்ததைச் சுரங்கப் பங்காளிகள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.

அந்த ஏற்பாட்டில் உள்ளூர் எந்திரவியலாளர் ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டறிந்தால் அதனால் அவருக்கு விளைந்தது பெரும்பாலும் வழக்குதான். ஜொனாதன் ஹார்ன்புளோவர் இரண்டு உருளைகளைக் கொண்ட எந்திரத்துக்கு 1781ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றிருந்தும், எட்வர்ட் புல் துலாச் சட்டமே இல்லாத எந்திரத்தை அமைத்தும், தனிக் குளிர்கலம் வாட்டுக்கே உரியது என்ற வாதத்தின் முன் இருவர் முயற்சியும் நிலைக்கவில்லை. 1790களில் வழக்குகள் தொடர்ந்து நடந்து, 1799ஆம் ஆண்டில் தீர்ப்பு போல்டன், வாட் பக்கம் முடிந்தது. நிறுவனத்துக்குள் இருந்தவர் நிலையும் இதிலிருந்து வெகுவாக வேறுபடவில்லை. ரெட்ருத் ஊரில் தங்கி கார்ன்வால் எந்திரங்களைப் பேணிய வில்லியம் மர்டாக் வாட்டின் ஊழியர்களில் ஆகச் சிறந்தவர். சூரியனைக் கோள் சுற்றுவது போல ஒரு பற்சக்கரத்தை மற்றொன்று சுற்றிவரும் அமைப்பு அவருடைய சிந்தனையில் உதித்தது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் 1781ஆம் ஆண்டில் அதற்கான காப்புரிமை முதலாளியின் பெயரில் எடுக்கப்பட்டது. வாட்டின் மேதைமையைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடித்தவருக்குப் பலன் சேர்வதும், கண்டுபிடிப்பு ஒரு தொழிலுக்குள் பரவி வளர்வதும் ஒரே ஏற்பாட்டால் எப்போதும் கைகூடுவதில்லை என்பதற்கு அந்தக் கால் நூற்றாண்டு நல்ல சான்று.

1800ஆம் ஆண்டில் காப்புரிமை முடிந்ததும் போல்டன், வாட் நிறுவனத்தின் ஆட்கள் கார்ன்வாலை விட்டு வெளியேறினர். தடை நீங்கியதால் எந்திரங்கள் உடனே மேம்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. உரிமைத்தொகைக்காகவாவது ஒருவர் வந்து அளந்துகொண்டிருந்தார். இப்போது அளப்பாரே இல்லை. ஒவ்வொரு சுரங்கமும் தன் எந்திரத்தைத் தன் போக்கில் ஓட்டியது, பராமரிப்பு தளர்ந்தது, கரிச்செலவு கூடியது. அடுத்த சுரங்கத்தில் அதே வேலைக்கு எவ்வளவு கரி போகிறது என்பது தெரியாத நிலையில், தன் எந்திரம் மோசமாக ஓடுகிறது என்பதை அறியவும் வழியில்லாமல் போயிற்று. தடையில்லாமை மட்டுமே அறிவைப் பகிரச் செய்துவிடாது என்பதை அந்தப் பத்தாண்டு காட்டுகிறது.

மாற்றம் 1811ஆம் ஆண்டில் ஜோயல் லீன் என்பவரிடமிருந்து வந்தது. அவர் ஒரு சுரங்க கேப்டன்; கார்ன்வாலில் அந்தச் சொல் படைத்தலைவரைக் குறிக்காமல், சுரங்க வேலையை முன்னின்று நடத்தும் அனுபவசாலியான மேலாளரைக் குறித்தது. பங்காளிகள் சிலரின் ஆதரவோடு, சுரங்க எந்திரங்களின் கரிக்கணக்கை மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடும் அறிக்கை ஒன்றை அவர் தொடங்கினார். லீனின் எந்திர அறிக்கை என்று பெயர் பெற்ற அது ஒருசில எந்திரங்களோடு ஆரம்பித்து, 1830களில் அறுபது எந்திரங்கள் வரை விரிந்தது. தொடங்கிய மறு ஆண்டே லீன் இறந்துவிட, மகன்களான தாமஸும் ஜானும் பணியைத் தொடர்ந்தனர். அறிக்கைக்கான கட்டணத்தைச் சுரங்கங்களே செலுத்தின.

அந்த அறிக்கையின் ஒரு தாளை நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது. நீண்ட அட்டவணை ஒன்றில் ஒவ்வொரு வரியும் ஓர் எந்திரத்துக்கு உரியது. சுரங்கத்தின் பெயர், உருளையின் விட்டம், உந்துதண்டின் மேல் விழும் சுமை, நீர் இறைக்கப்படும் ஆழம், குழாயின் விட்டம், அந்த மாதத்தில் எரிந்த கரி, எந்திரம் அடித்த அடிகளின் எண்ணிக்கை ஆகியவை கட்டம் கட்டமாக நிரப்பப்பட்டிருக்கும். இவற்றிலிருந்து, ஒரு புஷல் கரியைக் கொண்டு எத்தனை ராத்தல் நீரை ஓர் அடி உயரத்துக்கு ஏற்ற முடிந்தது என்ற அளவு கணக்கிடப்படும். கார்ன்வாலில் ஒரு புஷல் கரி 94 ராத்தல், அதாவது சுமார் 43 கிலோ. சுரங்கத்தார் 'ட்யூட்டி' என்று வழங்கிய இந்த அளவைத் தமிழில் இறைதிறன் எனலாம். அதற்கடுத்து எந்திரத்துக்குப் பொறுப்பான எந்திரவியலாளரின் பெயரும், கடைசியில் குறிப்புகளுக்கான இடமும் இருக்கும். எண்ணு கருவி இப்போதும் பெட்டிக்குள் பூட்டியே இருந்தது. ஆனால் சாவி எந்த எந்திரத்திலும் லாபம் தேடாத லீன் குடும்பத்தாரிடம் இருந்தது, பூட்டைத் திறந்து எடுத்த எண்ணை ஊரே படித்தது. உரிமைத்தொகை வாங்குவதற்காகப் பிறந்த அதே அளவுகோல், அதே கருவி, பொதுவில் வைக்கப்பட்டதும் முற்றிலும் வேறொரு பணியைச் செய்யத் தொடங்கியது.

விளைவை எண்களே பேசுகின்றன. 1813ஆம் ஆண்டில் அறிக்கையில் இடம்பெற்ற எந்திரங்களின் சராசரி இறைதிறன் 2 கோடி ராத்தலுக்குச் சற்றுக் குறைவு. 1838ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 5 கோடி. இந்த வளர்ச்சியை எந்தத் தனி மேதையின் கணக்கிலும் எழுதிவிட முடியாது. ரிச்சர்ட் டிரெவிதிக் 1812ஆம் ஆண்டில் வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் நிறுவிய எந்திரம், வாட் ஆபத்தானது என்று ஒதுக்கிய உயர் அழுத்த நீராவியைப் பயன்படுத்தியது. உந்துதண்டு தன் பாதையில் சிறிது தூரம் சென்றதுமே நீராவி வரத்தை அடைத்துவிட்டு, ஏற்கெனவே உள்ளே வந்த நீராவி விரிவதாலேயே எஞ்சிய பாதையைக் கடக்கவிடும் முறை அது. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. ஆர்தர் உல்ஃப், 1804ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற தம் இரட்டை உருளை எந்திரத்தை வீல் ஏபிரகாம் சுரங்கத்தில் நிறுவி, 1816 வாக்கில் 5 கோடியைத் தாண்டிக் காட்டினார். சில ஆண்டுகள் இரு வடிவங்களும் ஒரே அட்டவணையில் அருகருகே நின்றன. உல்ஃபின் எந்திரம் திறன் மிக்கதாயினும் கட்டச் செலவு மிகுந்தது, பராமரிக்கச் சிக்கலானது. ஒற்றை உருளை எந்திரமும் மெல்ல அதே திறனை எட்டுவதை மாதத்துக்கு மாதம் எண்கள் காட்டியதும், சுரங்கங்கள் எளிய வடிவத்தின் பக்கம் சாய்ந்தன. உல்ஃபே பின்னர் ஒற்றை உருளை எந்திரங்களைக் கட்டினார்.

பெரிய வடிவமைப்புகளை விடவும் சிறு கைவேலைகள் பரவிய விதம்தான் இந்த வரலாற்றில் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. சாமுவேல் குரோஸ் என்ற எந்திரவியலாளர் வீல் டவன் சுரங்கத்தில் புதிய தத்துவம் எதையும் கண்டறியவில்லை. நீராவிக் குழாய்களையும் உருளையையும் வெப்பம் வெளியேறாதபடி நன்றாகப் போர்த்தி மூடினார். வீணாகும் வெப்பத்தை இடம் இடமாகத் தேடி அடைத்தார். 1828ஆம் ஆண்டில் அந்த எந்திரம் 8 கோடியே 70 லட்சம் ராத்தல் காட்டியபோது அதைப் பார்க்கப் பிற சுரங்கத்தார் வந்தனர். பார்த்ததைத் தங்கள் எந்திரங்களில் செய்தனர். குழாயைப் போர்த்துவது காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பு அன்று, நூலில் எழுதிவைக்கும் அளவுக்குப் பெரிதும் அன்று. இத்தகைய அறிவு வழக்கமாக ஒரு பட்டறையின் சுவர்களுக்குள்ளேயே தங்கி, அறிந்தவரோடு மறைந்துவிடும். எண் பொதுவில் இருந்ததால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த கைப்பக்குவத்தைத் தேடிச் செல்ல ஒரு காரணம் கிடைத்தது. நீராவி எந்திரம் குறித்துப் பெரிய ஆய்வுநூல் எழுதிய ஜான் ஃபேரி, 1829ஆம் ஆண்டில் காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, கார்ன்வாலின் இந்த முறையைச் சிறப்பித்துக் குறிப்பிட்டார்.

எந்திரவியலாளர்கள் ஏன் இதற்கு உடன்பட்டனர்? பொருளியல் வரலாற்றாளர் ராபர்ட் ஆலன் 1983ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், இங்கிலாந்தின் கிளீவ்லாந்துப் பகுதி இரும்பு உருக்குலைகளை ஆராய்ந்து, போட்டி நிறுவனங்களே தம் அனுபவத்தை வெளிப்படையாகப் பகிர்ந்து ஒரு தொழில்நுட்பத்தைச் சேர்ந்து வளர்ப்பதற்குக் 'கூட்டுக் கண்டுபிடிப்பு' என்று பெயரிட்டார். அலெஸாண்ட்ரோ நுவோலாரி அந்தக் கருத்தைக் கார்ன்வால் எந்திரங்களுக்குப் பொருத்தி விரிவாக விளக்கியுள்ளார். அவர்களுடைய விளக்கத்தின் சாரம், உடைமை அமைப்பிலும் ஊதிய அமைப்பிலும் உள்ளது. கார்ன்வால் சுரங்கத்தின் முதலாளி ஒருவர் அல்லர். பலர் சேர்ந்து பங்கு போட்டனர், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சுரங்கத்தின் கணக்கு வீட்டில் கூடி வரவு செலவைப் படித்து, லாபமானால் பிரித்துக்கொண்டனர், நட்டமானால் கைப்பணம் போட்டனர். ஒருவரே பல சுரங்கங்களில் பங்கு வைத்திருப்பது சாதாரணம். அவருக்கு ஒரு சுரங்கத்தின் நுட்பத்தை இன்னொரு சுரங்கத்திடமிருந்து மறைப்பதில் பொருளே இல்லை. குவென்னாப் வட்டாரத்தின் ஒன்றிணைந்த சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் இத்தகையவர். பிற்காலத்தில், 1880 முதல், தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் உழைத்த கோலார் தங்கவயலை நிர்வகித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் அவர் குடும்ப நிறுவனமே. நில உடைமையாளரோ வெட்டியெடுத்த கனிமத்தில் ஒரு சிறு பங்கைப் பெற்றதால், தம் நிலத்தில் உள்ள எல்லாச் சுரங்கங்களும் செழிப்பதையே விரும்பினார்.

சந்தையும் இதற்கு இடம் கொடுத்தது. தாது உருக்காலைக்காரர்களுக்கு ஏலத்தில் விற்கப்பட்டது. ஒரு சுரங்கம் குறைந்த கரியில் நீர் இறைத்ததால் பக்கத்துச் சுரங்கத்தின் தாதுவுக்கு விலை குறையவில்லை. அதோடு நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் கிடையாது. அயலார் இறைப்பதை நிறுத்தினால் அவர்களுடைய நீர் தன் சுரங்கத்துக்கு வரும். 1748ஆம் ஆண்டில் தொடங்கி, கிளைகளோடு 30 மைலுக்கும் மேல் நீண்ட பெரும் வடிகால் சுருங்கை அறுபதுக்கும் மேற்பட்ட சுரங்கங்களின் நீரைச் சுமந்தது. சேர்ந்து இயங்காவிட்டால் சேர்ந்து மூழ்குவோம் என்பதை லீனுக்கு இரண்டு தலைமுறை முன்பே அவர்கள் அறிந்திருந்தனர்.

எந்திரவியலாளருக்கு வேறொரு தூண்டுதல் இருந்தது. அவர் ஒரே சுரங்கத்தின் சம்பளக்காரர் அல்லர். பல சுரங்கங்களின் எந்திரங்களை ஒரே காலத்தில் மேற்பார்த்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஊதியம் பெற்றார். அட்டவணையில் தம் பெயருக்கு நேரே பெரிய எண் தோன்றினால் அடுத்த சுரங்கம் அவரை அழைத்தது. தம் வழிமுறையை மறைத்து வைத்தால் எண்ணை மட்டும் காட்டலாம், ஆனால் ஐயம் எழும். விளக்கிச் சொன்னால் நம்பிக்கையும் வேலையும் வரும். ஆகவே பகிர்வதும் பிழைப்பதும் அவருக்கு ஒரே திசையில் இருந்தன. இந்த விளக்கம் சரியானதே. ஆயினும் முழுமையானதாகத் தோன்றவில்லை. மாதந்தோறும் சக தொழிலாளரின் கண்முன் தம் வேலை அளக்கப்படுவதில் ஒரு தன்மானம் இருக்கிறது. அதைப் பணக்கணக்கில் மட்டும் அடக்க இயலாது. 1833ஆம் ஆண்டில் ஃபால்மத்தில் தொடங்கிய பாலிடெக்னிக் சங்கம் சுரங்கத் தொழிலாளர் ஏணியில் ஏறி இறங்கும் துன்பத்தைத் தீர்க்கும் எந்திரத்துக்குப் பரிசு அறிவித்ததும், 1842ஆம் ஆண்டில் டிரெசவியன் சுரங்கத்தில் அது செயலுக்கு வந்ததும், அந்த வட்டாரத்தில் வேரூன்றிவிட்ட இந்தப் பொதுமனப்பான்மையின் தொடர்ச்சி என்றே கொள்ளத்தகும்.

எனினும் கார்ன்வால் மக்கள் இயல்பிலேயே எதையும் மறைக்காதவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது பெரும் பிழையாகும். எந்திரக் கூடத்துக்குக் கீழே, அதே சுரங்கத்தின் ஆழத்தில், அறிவு கவனமாக ஒளிக்கப்பட்டது. தாது வெட்டுவோரில் பலர் நாட்கூலி பெறவில்லை. நம் ஊர் வாரக்குடி விளைச்சலில் பங்கு பெறுவது போல, தாங்கள் வெட்டிய தாதுவின் மதிப்பில் பவுண்டுக்கு இத்தனை ஷில்லிங் என்று பேசிக் குறிப்பிட்ட பகுதியை ஏலத்தில் எடுத்தனர். வளமான பாறையானால் குறைந்த விகிதமும், வறண்ட பாறையானால் கூடுதல் விகிதமும் பேசப்படும். குறித்த காலம் முடிந்ததும் மறு ஏலம். இந்த நிலையில், வெட்டுபவர் ஒரு நல்ல தாதுக் கொத்தைக் கண்டதும் அதைக் கேப்டனிடம் சொன்னால் அடுத்த ஏலத்தில் அவருடைய விகிதம் இறங்கிவிடும். ஆகவே ஏல நாள் நெருங்கும்போது வளமான இடத்தைத் தொடாமல் விடுவதும், கேப்டன் கண்ணில் படாமல் மூடி வைப்பதும் நடந்தன. குறைந்த விகிதப் பகுதியில் வெட்டிய தாதுவைக் கூடிய விகிதப் பகுதியின் குவியலில் சேர்ப்பதும் உண்டு. கேப்டன்கள் இதைக் களவு என்று தண்டித்தனர். ஆனால் பாறையின் நிறத்தையும் ஈரத்தையும் பார்த்தே தாதுவின் போக்கைச் சொல்லக்கூடிய அந்த மனிதர்களின் அறிவு, சொன்ன உடனே அவர்களுக்கே எதிராகத் திரும்பும்படி ஏற்பாடு இருந்தது. அவர்கள் வாய்மூடியதற்கு அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. ஒரே ஊரில், ஒரே தேவாலயத்தில் வழிபட்ட, சில வேளை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மனிதர்கள், மேலே ஒன்றைத் திறந்து காட்டினர், கீழே மற்றொன்றைப் புதைத்து வைத்தனர். வேறுபாடு அவர்கள் குணத்தில் இல்லை, சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்பதில் இருந்தது.

லீனின் அட்டவணையிலும் இதே எல்லைக்கோடு தெரிகிறது. எந்திரவியலாளருக்கு அதில் ஒரு கட்டம் உண்டு. இரவும் பகலும் கொதிகலனுக்கு முன் நின்று, கரியை எவ்வளவு மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும், எப்போது காற்றுத் தடுப்பை இறக்க வேண்டும் என்று அறிந்து எரித்தவருக்கு இல்லை. இறைதிறன் உயர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கிருந்தும், அவர் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

1835ஆம் ஆண்டில் ஃபோயி கன்சால்ஸ் சுரங்கத்தில் வில்லியம் வெஸ்ட் கட்டிய எந்திரம், ஒருநாள் சோதனையில் 12½ கோடி ராத்தலைத் தொட்டது. வெளியிலிருந்த எந்திரவியலாளர்கள் பலர் அதை நம்ப மறுத்தனர். கிழக்கு லண்டன் குடிநீர் நிறுவனத்தின் தாமஸ் விக்ஸ்டீட் கார்ன்வால் எந்திரம் ஒன்றையே வாங்கி லண்டனில் நிறுவி அளந்து பார்த்த பிறகே ஐயம் குறைந்தது. அதன் பிறகு இந்த எந்திரங்கள் கடல் கடந்தன. நெதர்லாந்தில் ஹார்லெம் ஏரியை வற்றச்செய்த குருக்கியஸ் எந்திரத்தின் மாபெரும் உருளை கார்ன்வாலின் ஹேய்ல் ஊர் வார்ப்பாலையில் உருவானது.

ஆனால் உள்ளூரில் அறிக்கையின் உயிர்ப்பு 1840களின் நடுவிலிருந்து குன்றத் தொடங்கியது. எந்திரம் தன் வடிவத்துக்கு உரிய எல்லையை நெருங்கிவிட்டது. மேலும் அழுத்தத்தைக் கூட்டியபோது பாகங்கள் முறிந்தன, முறிவின் செலவு மிச்சமான கரியை விழுங்கியது. எண்ணை இன்னும் உயர்த்தி எந்திரவியலாளர் புதுப் பெயர் ஈட்ட வழி குறைந்ததும், அறிக்கையில் இடம்பெறும் ஆவலும் குறைந்தது. கட்டணம் செலுத்தும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக விலகின. 1866ஆம் ஆண்டில் செம்பு விலை சரிந்து சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டபோது, கார்ன்வால் சுரங்கத்தார் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் குடிபெயர்ந்தனர், சிலர் கோலாருக்கும் வந்தனர். அறிக்கை மேலும் பல ஆண்டுகள் சில எந்திரங்களின் கணக்கோடு வந்துகொண்டிருந்து, 1904ஆம் ஆண்டில் நின்றது.